சுவரில் ஏறிய கடல்

மொசைக் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வீட்டுத் தரைதான். சிமெண்டுடன் வெள்ளை, கறுப்பு, பச்சைக் கற்சில்லுகளைக் கலந்து பரப்பி, காய்ந்தபின் இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றிய தரை அது. அதில் குப்புறப் படுத்துக்கொண்டு சில்லுகளுக்கிடையே யானையையும் மயிலையும் தேடாத சிறுவர்கள் குறைவு. மேலைநாடுகளில் இச்சொல் குறிக்கும் கலையோ வேறு. கல், கண்ணாடி, சுட்ட மண் ஆகியவற்றைச் சிறு சில்லுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இடமறிந்து பதித்து உருவம் சமைப்பது அது. மணிகளை இழைத்துப் பதிக்கும் தொழிலைப் பழந்தமிழ் 'குயிற்றுதல்' என்றது. தன்னளவில் பொருளற்ற துண்டுகளை அருகருகே வைத்துப் பொருள் உண்டாக்குவதே இக்கலையின் அடிப்படை.

இக்கலை இன்று அதிகம் தழைக்கும் இடங்களுள் ஒன்று, சற்றும் எதிர்பாராத இடம்: நிலத்தடி ரயில் நிலையம். அங்கே ஓவியம் ஈரத்தில் உரியும், துணி அழுக்கேறும். கண்ணாடிச் சில்லோ ஆயிரம் தோள்கள் உரசினாலும் நிறம் மங்காது. நீர்விட்டுக் கழுவினால் போதும். சூரியனும் செடியும் நுழையாத ஆழத்தில் நகரத்தார் தேடுவது இயற்கையைத்தான் என்பதாலோ என்னவோ, அந்தச் சுவர்களில் இலைகளும் பறவைகளும் மீன்களும் மிகுதியாக இடம்பெறுகின்றன. சென்னையில் 2017-ஆம் ஆண்டு மே மாதம் நிலத்தடிப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபின், மண்ணுக்குள் இறங்கிப் பயணம் செய்வது நம்மவருக்கும் பழகிவிட்டது. தூத்துக்குடியில் அப்படி ஒரு நிலையம் இல்லை. ஆனால், உயிர்வாழ்வதற்காக ஆழத்துக்கு இறங்கிய மனிதரின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உள்ள கரை இது. ஆகவே கடலடியைச் சுவரில் பதித்த ஒரு நிலையத்தை முத்துக்குளித்துறையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மெட்ரோ முதலாம் தடத்தில் 'தொலேதோ' என்றொரு நிலையம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆஸ்கர் துஸ்கெட்ஸ் பிளாங்கா. தெரு மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் இந்த நிலையத்தை அவர் ஒரு நிலவியல் பாடம்போல் அடுக்கினார். தெருவை ஒட்டிய தளத்தில் தார்ச்சாலையின் கறுப்பு. அடுத்து, நேப்பிள்ஸ் நகரம் எந்த எரிமலைக் கல்லின்மேல் அமர்ந்திருக்கிறதோ அந்தக் கல்லின் மஞ்சள். நகரும் படிக்கட்டில் மேலும் இறங்கினால், ஓரிடத்தில் மஞ்சள் நின்று நீலம் தொடங்குகிறது. அந்தக் கோடு மனம்போன போக்கில் வரைந்ததன்று. வெளியே உள்ள கடலின் மட்டம் அது. அதற்குக் கீழே சுவரெங்கும் நீலக் கண்ணாடிச் சில்லுகள். முதலில் வெளிர்நீலம், இறங்க இறங்க அடர்நீலம். அலைபோல் வளைந்த சுவர்களின் நடுவே, தெருவரை துளைத்துச் செல்லும் பெரிய கூம்பு வடிவத் திறப்பு ஒன்று மேலிருந்து ஒளியைக் கொண்டுவருகிறது. கிணற்றடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு வானம் தெரிவதுபோல, கடலடியில் நிற்பவனுக்குப் பகல் தெரிகிறது.

இதில் இயற்பியலும் உண்டு. கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது, பின்னர் மஞ்சள், கடைசிவரை தங்குவது நீலம். ஆழம் கூடக்கூட உலகம் ஒற்றை நிறமாகிறது. மீனையோ பாசியையோ வரையாமல், இறங்குவோர் காணும் நிறமாற்றத்தை மட்டும் சில்லுகளால் சொன்னதே இந்நிலையத்தின் சிறப்பு. மேல்தளத்தில் தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் வரைவுகளைக் கொண்டு செய்த பெரிய மொசைக் சுவர்கள் இருக்கின்றன. அவற்றில் நேப்பிள்ஸ் வரலாற்றின் மாந்தர்கள் ஊர்வலம் போகிறார்கள். மேலே மக்கள், கீழே கடல் என்ற இந்த அடுக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நேப்பிள்ஸுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? உண்டு, மிகப் பழைய தொடர்பு. நேப்பிள்ஸ் வளைகுடாவில், நகருக்கு மேற்கே உள்ள பொட்சுவோலி என்ற சிற்றூரின் பழம்பெயர் புத்தேயோலி. ரோமின் சொந்தத் துறைமுகமான ஒஸ்தியா பெரிதாகும்வரை, கீழைநாட்டுச் சரக்குகள் அலெக்சாந்திரியா வழியாக வந்து இறங்கிய முதன்மைத் துறை அது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடற்பயணம்' என்ற கையேடு, பாண்டியர் ஆட்சியில் இருந்த 'கொல்கோய்' என்ற இடத்தில் முத்துக்குளிக்கப்பட்டதைக் கூறுகிறது. கொல்கோய் நம் கொற்கை. அங்கே முத்தெடுக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அந்நூல் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது.

அந்த முத்துக்களை ரோமில் கண்டு எரிச்சலுற்றவர் பிளினி. தம் 'இயற்கை வரலாறு' நூலில் முத்துக்குப் பல பக்கங்களை ஒதுக்கிய அவர், லொல்லியா பவுலினா என்ற சீமாட்டி 4 கோடி செஸ்டர்ஸ் பெறுமான முத்தும் மரகதமும் அணிந்து ஒரு சாதாரண விருந்துக்கு வந்ததைக் கடிந்து எழுதினார். இந்தியா, சீனம், அரேபியா ஆகியவை ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸைத் தம் பேரரசிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன என்றும் கணக்கிட்டார். அதே பிளினி, நேப்பிள்ஸ் வளைகுடாவின் மிசேனம் கடற்படைத் தளத்துக்குத் தலைவராக இருந்தபோதுதான், கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபொழுது அவ்வளைகுடாக் கரையிலேயே இறந்தார். அந்த வெடிப்பில் புதையுண்ட பொம்பேயி நகரிலிருந்து 1938-இல் ஓர் இந்தியத் தந்தச் சிற்பம் வெளிப்பட்டது. முத்துவழி எதுவரை சென்றது என்பதற்கு அது போதிய சான்று.

புதையுண்ட அந்நகரங்கள்தாம் மொசைக் கலையின் கருவூலங்களும். பொம்பேயியின் வீடுகளில் கிடைத்து இன்று நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ள கடல்வாழ் உயிர்களின் மொசைக், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. நடுவில் கணவாய் இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பேயும் பெரிய சிங்கி இறாலும் பொருதுகின்றன. சுற்றிலும் மீன்கள், இன்ன மீன் என்று மீனவர் பெயர்சொல்லி அடையாளம் காட்டுமளவு துல்லியமாக. ஹெர்குலேனியத்தில் கடல்தெய்வம் நெப்டியூனும் அவன் துணைவியும் நிற்கும் சுவர் மொசைக்குக்குக் கரைகட்டியிருப்பது உண்மையான சிப்பிகள். கடலிலிருந்து வந்த பொருள் கடலின் உருவத்துக்குச் சட்டமாயிற்று. ஆக, தொலேதோ நிலையத்தின் நீலச் சுவருக்கு அதே மண்ணில் முன்னோர் உண்டு.

இப்போது நம் கரைக்கு வருவோம். முத்துக் கொழித்த இக்கரையில் இதற்கு இணையாக ஒரு கடற்சுவரை நாம் ஏன் காணவில்லை? கடலடியைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே ஏராளம். 'பார்' என்று வழங்கும் முத்துப்படுகைகள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இருந்தன. குளியாளி காலைக் கயிற்றில் கட்டிய கல்லில் ஊன்றி, மூச்சடக்கி, நேர்செங்குத்தாகக் கீழே போவான். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் திரட்டிக் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். நாளொன்றுக்குப் பலமுறை இது நடக்கும். தொலேதோவில் பயணி நகரும் படிக்கட்டில் நின்றபடி காணும் நிறமாற்றத்தை, நம் குளியாளி நெஞ்சு விம்ம ஒவ்வொரு முறையும் கண்டான்.

அவன் கண்டதை எவரும் கேட்டு எழுதவில்லை. எழுதப்பட்டதெல்லாம் கணக்கு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிச் சொன்ன மார்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றும், சுறாமீன் அண்டாமல் மந்திரித்தவருக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் குறித்தார். 1530-களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றபின் போர்த்துக்கீசியரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் எழுதிக் குவித்தவை தோணிகளின் எண்ணிக்கை, சிப்பிகளின் எண்ணிக்கை, ஏலத்தொகை. 1955-இல் தொடங்கிய முத்துக்குளிப்புப் பருவம் 1961-இல் முடிந்தது. அதன்பின் அரசு நடத்தும் பெரிய குளிப்பு நிகழவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆய்வு நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அறிவியல் மூச்சடக்கிய மனிதனிடமிருந்து முத்தை விடுவித்தது. கூடவே, கடலடியை ஒரு தொழிலாகக் கண்ட கண்களும் மெல்ல மறைந்தன.

முத்துமே ஒரு மொசைக்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால், முத்தின் மேனி அரகோனைட் என்ற சுண்ணாம்புத் தாதுவின் தட்டைச் சில்லுகளால் அடுக்கப்பட்டது. ஒரு சில்லின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான். சில்லுகளுக்கிடையே மெல்லிய புரதப் பசை. கொத்தனார் செங்கல்லும் சாந்தும் வைப்பதுபோல் சிப்பி அவற்றைப் பதிக்கிறது. அத்தடிமன் ஒளியின் அலைநீளத்தை ஒட்டியிருப்பதால்தான் முத்தில் அந்த நீரோட்டம் தோன்றுகிறது. உள்ளே நுழைந்து உறுத்தும் ஒன்றைச் சுற்றிச் சில்லு சில்லாக ஒளியைக் கட்டும் உயிரை, வேறு எந்தக் கலைஞனோடு ஒப்பிடுவது!

துண்டுகளில் அழகு காணும் பார்வை நம் இலக்கியத்துக்கும் புதிதன்று. கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. சங்கை அரத்தால் அறுத்து வளையல் செய்தால், வளையலுக்கு உதவாத நுனிப்பகுதி எஞ்சும். பட்டறையில் அது கழிவு. ஆவூர் மூலங்கிழார் பாடிய அகநானூற்று 24-ஆம் பாட்டைப் படித்தவர்கள் அறிவார்கள். வேள்வி செய்யாத பார்ப்பனன் ஒருவன் சங்கறுத்து வளையல் எடுத்துக்கொண்டபின் ஒழிந்த அந்தக் கொழுந்தை, இன்னும் முறுக்கவிழாத பகன்றை அரும்புக்குப் புலவர் உவமையாக்கினார். பட்டறைக் குப்பையில் கிடந்த சில்லு ஒன்று கூதிர்காலப் பூவாகிவிட்டது. கழிவை அதற்குரிய இடத்தில் பதித்துப் பூவாக்கிய இந்த உவமையே தமிழில் நாம் காட்டக்கூடிய தலைசிறந்த மொசைக் என்று துணிந்து சொல்லலாம்.

சொல்லில் இது நடந்தது. சுவரில் நடந்ததோ வேறு. முத்துக்குளித்துறையின் சுவர்களில் கடல் உருவமாக ஏறவில்லை, பொருளாக ஏறியது. மன்னார் வளைகுடாவின் பவளக்கல்லை வெட்டி எடுத்துக் கட்டடம் கட்டினார்கள். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். சிப்பியும் சங்கும் அவ்வாறே நீறாயின. வெள்ளையடித்த சுவர் ஒன்றைத் தொட்டால் கடலைத் தொட்டதாகவே பொருள். ஒரு தலைமுறையின் தேவைக்கு அளவோடு எடுத்தவரை கடல் ஈடுகொடுத்தது. 20-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளும் பவளத்தைக் கேட்டபோது, தோணி தோணியாகப் பார்கள் கரையேறின.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சில தீவுகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: காரைச்சல்லி, விலாங்குசல்லி, புழுவினிச்சல்லி. சல்லி என்றால் உடைந்த சிறு கல். அலை உடைத்த பவளச் சில்லுகள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, மணல் இடைநிரப்பி எழுந்த தீவுகள் இவை. கடல் தானே பதித்த மொசைக் என்று சொன்னால் மிகையாகாது. அந்தத் தீவுகளுக்கு அரணாய் நின்ற பவளத்திட்டுகளை நாம் பெயர்த்தோம். 21-இல் இரண்டு, தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குசல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும், இன்று நீருக்கு அடியில். 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின்தான், அந்தத் திட்டுகள் கரைக்கும் அரணாக இருந்தன என்பது பலருக்குப் புரிந்து, அகழ்வு அடங்கியது.

நியூயார்க் நகரில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அடியில் உள்ள 81-ஆம் தெரு நிலையத்தை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. அங்கே 2000-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற கலைப்பணிக்கு 'ஓர் ஆணி இல்லாமையால்' என்று பொருள்படும் தலைப்பு. லாடத்தின் ஆணி ஒன்று குறைந்ததால் குதிரையும், குதிரை இல்லாததால் வீரனும், கடைசியில் ஒரு நாடே வீழ்ந்தது என்னும் பழங்கதையிலிருந்து எடுத்தது. கண்ணாடி மொசைக்கிலும் சுட்ட ஓட்டிலும் கடலுயிர், பூச்சி, ஊர்வன, பறவை, பாலூட்டி எனச் சுவர்களும் படிகளும் நிறைந்திருக்கின்றன. அதன் இலக்கணம் ஒன்று: வாழும் உயிர்கள் வண்ணத்தில், அற்றுப்போனவை சாம்பல் நிறத்தில். விளக்கம் படிக்க நேரமில்லாமல் ஓடும் பயணிக்கும் அது புரியும்.

அந்த இலக்கணப்படி நம் வளைகுடாவை வரைந்தால் 21 தீவுகளில் இரண்டு சாம்பல். மற்றவற்றுள் எதற்கு எந்த வண்ணம்? தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான்தீவு 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் பரப்புள்ளது. 2015-இல் எஞ்சியது சுமார் 2 ஹெக்டேர். 2010-லும் 2016-லும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. பவளத்தின் நிறம் அதனுள் வாழும் நுண்பாசியுடையது. வெப்பம் தாளாமல் பாசி வெளியேற, வெள்ளைச் சுண்ணக் கூடு துலங்குகிறது. வண்ணத்திலிருந்து சாம்பலுக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைப் படி இருக்கிறது என்பதை எந்த நிலையச் சுவரும் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கதை அதோடு முடியவில்லை. வான்தீவைச் சுற்றி, 2015-க்குப் பின், துளைகளிட்ட கான்கிரீட் கட்டமைப்புகள் பத்தாயிரத்துக்கும் மேல் கடலில் இறக்கப்பட்டன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தமிழ்நாடு அரசும் இப்பணியில் இணைந்தன. அலையின் வேகம் தணிந்தது, மணல் தங்கியது, தீவு சற்றே மீண்டும் விரிந்தது. அதே ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இன்னொன்றையும் செய்துவருகிறது. உயிருள்ள பவளத்திலிருந்து விரலளவுத் துண்டுகளை எடுத்து, சிமெண்டுப் பலகைகளில் ஒவ்வொன்றாகக் கட்டி, பவளம் அழிந்த இடத்தில் கடலடியில் வைக்கிறார்கள். கிளைப்பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்வரை வளரும். துண்டுகள் தாமே பலகையைப் பற்றி, பக்கத்துத் துண்டோடு சேர்ந்து திட்டாகின்றன, மீன்கள் குடியேறுகின்றன.

கான்கிரீட்டைக் கடலில் இறக்கும் இந்தத் தொழிலுக்கும் அந்த நேப்பிள்ஸ் கரையில் ஒரு தொடக்கம் உண்டு. புத்தேயோலியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்கடியிலும் இறுகும் என்று கண்டு, ரோமானியர் கடலுக்குள் துறைமுகச் சுவர் எழுப்பினார்கள். முத்து போன வழியின் மறுமுனையில் பிறந்த அறிவின் வழித்தோன்றல் ஒன்று, முத்து பிறந்த கடலுக்குள் இன்று இறங்கியிருக்கிறது.

சில்லு, பசை, இடமறிந்த கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் மொசைக் என்றோம். வான்தீவின் அடியில் மூன்றும் இருக்கின்றன. ஆயினும் அதைக் காண்பதற்கு நகரும் படிக்கட்டு இல்லை. நகரத்தார் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு நகரத்தில் வழக்காடுவோர் குறைவு. இயற்கையைச் சுவரில் பதிக்கும் பொதுக்கலைக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறோம். இழந்ததற்கு அலங்காரமான பதிலியாகச் சுவரில் கடலை ஏற்றினால் அது மற்றொரு வெள்ளையடிப்பே. இருப்பதையும் போனதையும் வேறுவேறு நிறத்தில் காட்டினால், அது ஓர் ஊரின் நினைவு.

தூத்துக்குடியில் ஒரு நாள், ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ, அப்படி ஒரு சுவர் எழக்கூடும். எழுந்தால், தொலேதோவின் அடுக்கை அதற்கு மாதிரியாகக் கொள்ளலாம்: மேலே மக்கள், கீழே கடல். அந்த மக்கள் வரிசையில் பாண்டியனும் போர்த்துக்கீசியத் தளபதியும் ஏலம் எடுத்த வணிகனும் எப்படியும் இடம்பிடித்துவிடுவார்கள். காலைக் கல்லில் ஊன்றி நின்றவனுக்கும், தோணியில் கயிறு பிடித்தவனுக்கும், காளவாயில் பவளம் சுட்டவளுக்கும், பவளத் துண்டைப் பலகையில் கட்டுகிறவருக்கும் இடம் ஒதுக்க மறக்கக் கூடாது. கீழே நீலத்தில் 21 தீவுகள். அவற்றில் இரண்டு சாம்பலில். மூன்றாவது ஒன்றுக்குச் சாம்பல் சில்லு வெட்ட நேராதிருக்கட்டும்.